பார்வையில்லாதவர் தனியாக லினக்ஸ் போட முடியுமா? குடியாத்தம் தம்பிக்கு ஒரு பதில்

முடியும் தம்பி. விண்டோஸ் மாதிரியே ஓர் இயங்குதளமான லினக்ஸைக் கண் தெரிந்த ஆள் பக்கத்தில் உட்காராமலே போட முடியும். எனக்கும் பார்வை கிடையாது. காட்பாடியில் என் வீட்டு மேஜையில் நான் தனியாகத்தான் போட்டுக்கொள்கிறேன். அதற்காக, "லினக்ஸ் ரொம்ப ஈசி, போட்டதும் தானா பேசும்" என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்ப வேண்டும். லினக்ஸ் பேசும், அதில் சந்தேகமே இல்லை. அது பேச ஆரம்பிக்கும் முன்னால் மெஷின் கொஞ்ச நேரம் வாயே திறக்காது. நம்மில் பலர் கைவிடுவது அந்த இடத்தில்தான். எங்கெங்கே பேச்சு வராது, அங்கே கையை என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் காதால் கேட்டு எண்ணைத் தட்டும் வேலைதான்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் பி.ஏ. படிக்கிறீர்கள், பிறவியிலேயே பார்வை இல்லை. அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த லேப்டாப் இப்போது உங்களிடம். அதில் விண்டோஸ் 10, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது என்று கேள்விப்பட்டுக் கடைக்குப் போனால், "கண்ணு தெரியாதவங்களுக்கு லினக்ஸ் சரிப்படாதுப்பா, லெவன் போட்டுத் தர்றேன்" என்றிருக்கிறார்கள். நானே போட முடியுமா, தமிழ் படிக்குமா, கணக்கு மென்பொருளான டேலி ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்காரர் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், புதிய தலைமுறை பிராசசரும் அந்தக் கால லேப்டாப் பலவற்றில் கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றலாம். அடுத்த பெரிய அப்டேட்டில் அது தகராறு செய்யலாம். இன்னொரு வேடிக்கை, தமிழக அரசு அந்த லேப்டாப்களைக் கொடுத்தபோதே விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் சேர்த்துத்தான் கொடுத்தது. பாஸ் என்பது மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது, அடிப்படை டெபியன் என்ற லினக்ஸ் வகை. எங்கள் பக்கத்தில் லேப்டாப் கைக்கு வந்த சூட்டோடு கடையில் கொடுத்து, "அந்த இன்னொண்ணு வேணாம், எடுத்துடுங்க" என்று அழித்தவர்கள்தான் அதிகம். ஆகவே அந்த மெஷினுக்கு லினக்ஸ் ஒன்றும் புதிது இல்லை.

பேசுவது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் பெயர்கள் வரும்போது குழப்பம் இருக்காது. விண்டோஸில் என்விடிஏ செய்கிற வேலையை லினக்ஸில் ஓர்கா செய்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் தொடங்கியது. 2006-இல் க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பின் 2.16 பதிப்பு வெளிவந்தபோது அதில் சேர்ந்தது. விண்டோஸின் இன்னொரு ஸ்கிரீன் ரீடரான ஜாஸ், சுறா என்றால் இது திமிங்கிலம், அந்தக் குறும்பில் வைத்த பெயர். என்விடிஏ மாதிரியே இதுவும் பைசா கேட்காத திறந்த மூலம். இரண்டோடும் வருகிற குரல் ஈஸ்பீக் என்ஜி. அந்தத் தகரக் குரலை என்விடிஏவில் நீங்கள் கேட்டிருக்கலாம். ஓர்காவுக்கு டெஸ்க்டாப் வேண்டும். டெஸ்க்டாப் வருவதற்கு முன், வெறும் எழுத்துத் திரையில் பேசுவதற்கு ஸ்பீக்அப் என்று ஒன்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. நிறுவும்போது உங்களோடு பேசப் போவது அதுதான். நம் ஆட்கள் லினக்ஸுக்கு வந்து ரொம்ப காலம் ஆகிறது. புனேயில் பிறந்த டி.வி. ராமன், பதினாலு வயதில் பார்வையை முழுக்க இழந்தவர், 1995-லேயே ஈமாக்ஸ் என்ற எடிட்டரைப் பேசவைக்கும் ஈமாக்ஸ்பீக்கை எழுதி வெளியிட்டுவிட்டார். அப்போது நம் ஊரில் கம்ப்யூட்டர் பார்த்தவர்களே குறைவு.

எந்த லினக்ஸ்? நான் டெபியன் என்பேன். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸும் நல்லதுதான், நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே லைவாக ஏற்றி ஆல்ட், விண்டோஸ், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓர்கா வந்துவிடும். ஆனால் அதன் இன்ஸ்டாலர் வரைகலைத் திரை. டேப் அடித்துக்கொண்டே போகும்போது ஃபோகஸ் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் ஓர்கா மௌனமாகிவிடும். நாம் எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று தெரியாமல் என்டர் தட்டத் தைரியம் வராது. டெபியனில் அந்தக் கதையே இல்லை. 2013-இல் வந்த டெபியன் 7-லிருந்து, பிரெய்ல் கருவி எதுவும் இல்லாமலே, லேப்டாப் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே நிறுவுகிற வசதி அதில் இருக்கிறது. ஒரு கேள்வி கேட்கும், விடைகளை எண் போட்டு வாசிக்கும், நாம் எண்ணைத் தட்டி என்டர் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஃபோகஸ் தொலைய இடமே இல்லை. இன்னொன்று, பேச்சோடு நிறுவினால் நிறுவப்பட்ட சிஸ்டத்திலும் பேச்சைத் தானே அமைத்துக் கொடுத்துவிடும். லாகின் திரையிலிருந்தே குரல் வரும். இப்போதைய பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13. அதற்கு 64 பிட் பிராசசர் வேண்டும். உங்கள் லேப்டாப்புக்கு அது பிரச்சினையாக இருக்காது.

இதெல்லாம் வேண்டாம், எல்லாம் ஏற்கெனவே செட் பண்ணியது வேண்டும் என்பவர்களுக்குக் கேரளத்திலிருந்து ஆக்சஸிபிள் கோகனட் என்று ஒன்று வருகிறது. மாட்டே டெஸ்க்டாப்போடு வரும் உபுண்டுவை எடுத்து, நமக்கு வேண்டிய ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிப்பது), புத்தக வாசிப்பு எல்லாம் சேர்த்துப் பார்வையற்றவர்களுக்கென்றே செய்தது. கெட்டது என்று சொல்ல மாட்டேன். கையில் டெபியன் இருந்தால் நாளைக்கு ஏதாவது கெட்டாலும் நீங்களே சரிசெய்யக் கற்றுக்கொள்வீர்கள் என்பதால் என் ஓட்டு டெபியனுக்கு.

சரி, வேலைக்கு வருவோம். முதல் நாள் விண்டோஸில் உட்கார்ந்து செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அதை அலட்சியமாக விட்டால் மறுநாள் வதைபடுவீர்கள்.

உங்கள் ஃபைல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள். பென் டிரைவில் இல்லை. அது அழியப் போகிறது. வேறு எங்காவது. டெபியனை நிறுவுவதற்கான ஃபைல், நெட் இன்ஸ்டால் ஐஎஸ்ஓ என்பார்கள், ஒரு ஜிபிக்குள்தான் இருக்கும், அதை இறக்கிக்கொள்ளுங்கள். ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதைப் பென் டிரைவில் எழுதலாம். என்விடிஏவோடு ஒழுங்காக வேலை செய்யும். ஸ்டார்ட் அழுத்தியதும் ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். டிடி கொடுங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் (வைத்துக்கொள்ளச் சொல்வேன், காரணம் பின்னால்) டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் சி டிரைவைச் சுருக்கி ஒரு 60, 80 ஜிபி காலி இடம் விடுங்கள். பார்ட்டிஷன் எதுவும் போடாமல் காலியாகவே இருக்கட்டும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன், பிட்லாக்கர் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் வரிசையை (மெஷின் எதிலிருந்து முதலில் கிளம்ப வேண்டும் என்ற வரிசை) தொட்டதும் 48 இலக்க எண்ணைக் கேட்டு ஒரு நீலத் திரை வந்து நிற்கும். விண்டோஸை முழுசாக அணைய விடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைக்க வேண்டும். நம்பகமான சிஸ்டத்தையே கிளம்ப விடும் செக்யூர் பூட்டை மட்டும் தொட வேண்டாம். "லினக்ஸ் போடணும்னா செக்யூர் பூட் ஆஃப் பண்ணணும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 2019-இல் வந்த டெபியன் 10-லிருந்தே அது தேவையில்லை.

வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு: யூஎஸ்பி சவுண்ட் கார்டு. கட்டை விரல் அளவில், ஒரு பக்கம் யூஎஸ்பி, இன்னொரு பக்கம் ஹெட்செட் ஓட்டை. வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் கம்ப்யூட்டர் கடையில் கேட்டால் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். லேப்டாப்பின் சொந்த சவுண்ட் சிப்பை இன்ஸ்டாலர் அடையாளம் காணாமல் போகலாம், குறிப்பாகப் புதிய இன்டெல் மெஷின்களில். டெபியன் 12-லிருந்து தேவையான ஃபர்ம்வேரை (சிப்பை இயக்கும் சின்ன மென்பொருள்) இன்ஸ்டாலரோடே கொடுப்பதால் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. கண் தெரிந்தவருக்கு சவுண்ட் வராவிட்டால் அது ஒரு சின்னக் குறை. நமக்குத் திரையே போன மாதிரி. அந்தக் குட்டிக் கார்டைச் செருகினால் பெரும்பாலும் பேசிவிடும். நான் இதைப் பென் டிரைவோடு ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன்.

நெட்டுக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனும் டேட்டா கேபிளும் போதும். யூஎஸ்பி டெதரிங் போட்டால் இன்ஸ்டாலர் அதை ஒயர் நெட்வொர்க்காக எடுத்துக்கொள்ளும். வைஃபை பெயர் தேடி, பாஸ்வேர்ட் தட்டி, டிரைவர் இல்லை என்று திட்டு வாங்கும் வேலை மிச்சம். டெஸ்க்டாப்பையும் சேர்த்து ஒரு ஜிபிக்கு மேல் இறங்கும், டேட்டா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் உங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும், அதற்குத் தகுந்த நேரமாகப் பாருங்கள். நடுவில் நின்றுவிட்டாலும் உலகம் முழுகிவிடாது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

இப்போது பேச்சு வராத இடம். பென் டிரைவிலிருந்து மெஷினைக் கிளப்ப வேண்டும். விண்டோஸுக்கும் முன்னால் மெஷினை எழுப்புகிற பயாஸுக்கோ, யூஇஎஃப்ஐ என்று சொல்கிற அதன் புதிய வடிவத்துக்கோ நம் லேப்டாப்களில் குரல் கிடையாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லேப்டாப்பானாலும் பெரும்பாலும் இதுதான் கதி; 2006-இலேயே டெஸ்க்டாப் பேசிவிட்டது, இந்த ஒரு திரைக்குக் குரல் கொடுக்கப் பெரும்பாலான கம்பெனிகளுக்கு இன்னும் மனசு வரவில்லை. கோபப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, வழி இருக்கிறது.

பூட் மெனுவுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கீ வைத்திருக்கிறது. டெல், லெனோவோ, ஏசரில் பெரும்பாலும் எஃப்12; ஏசரில் அதை முதலில் பயாஸுக்குள் போய் இயக்க வேண்டியிருக்கும். எச்பியில் எஸ்கேப் தட்டி எஃப்9. ஏசூஸில் எஸ்கேப். சில லெனோவோ லேப்டாப்பில் பக்கவாட்டில் குண்டூசி நுழைகிற ஒரு சின்ன ஓட்டை இருக்கும். விரலால் தடவினால் தெரியும். நோவோ பட்டன் என்பார்கள். மெஷின் அணைந்திருக்கும்போது சிம் ஊசியால் அதைக் குத்தினால் மெனுவோடு எழும்பும். கீ அழுத்துகிற அவசரமே இல்லை என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். மற்ற மெஷின்களில் பவரை அழுத்திய மறுகணமே அந்தக் கீயை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் முழுசாக அணையும்.

விண்டோஸிலிருந்தே போக இன்னொரு வழி உண்டு. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீலத் திரை வரும். யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் அதில் "யூஸ் எ டிவைஸ்" என்ற கட்டத்துக்குள் பென் டிரைவ் இருக்கும். எழுத்து பெரிதாக இருப்பதால் போன் சுலபமாகப் படித்துவிடும்.

போன் என்றேன் அல்லவா, அதுதான் இந்த இடத்தில் நமக்குக் கண். கேமராவில் எழுத்தைப் படித்துச் சொல்லும் லுக்அவுட், சீயிங் ஏஐ ஆப்களில் எது பழக்கமோ அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டின் ஸ்பேஸ்பார் மேல் இடது முழங்கையை ஊன்றிவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், நடக்கிறதுதான். லேப்டாப்புக்கு முன்னால், மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி, போனைத் திரைக்கு ஒரு முழம் தள்ளி நேராகப் பிடியுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டால் திரையில் பளபளப்பு விழாது. பூட் மெனுவில் முதல் வரி ஹார்டு டிஸ்க், இரண்டாவது பென் டிரைவ் என்கிற மாதிரி வாசிக்கும். கீழ் அம்புக்குறியை அத்தனை முறை தட்டி, மறுபடி போனைப் பிடித்துப் பாருங்கள். எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்பது நிறத்தில்தான் தெரியும், ஓசிஆர் அதைச் சொல்லாது. அங்கே பி மை ஐஸ் என்ற வீடியோ கால் ஆப்பில் ஒரு வாலன்டியரைக் கூப்பிட்டுக் கேட்பது உசிதம். ஒரு நிமிட வேலை. அவரையே வைத்துக்கொண்டு பயாஸில் பூட் வரிசையில் யூஎஸ்பியை முதலாவதாக மாற்றிச் சேமித்துவிட்டால் இனி எப்போதும் பென் டிரைவ் செருகினால் அதிலிருந்து எழும்பும், இல்லாவிட்டால் டிஸ்கிலிருந்து. பக்கத்து வீட்டுப் பையன் இருந்தால் அவனைக் கூப்பிட்டாலும் தப்பில்லை. தனியாக முடியும் என்பதற்காகத் தனியாகத்தான் செய்ய வேண்டும் என்று சபதம் எதுவும் வேண்டாம்.

பென் டிரைவிலிருந்து எழும்பியதும் டெபியன் மெனு வந்து பீப் கொடுக்கும். எல்லா லேப்டாப்பிலும் அந்த பீப் காதில் விழாது, புதியவற்றில் அதற்கான ஸ்பீக்கரே இல்லை. விழாவிட்டால் சும்மா ஒரு பதினைந்து, இருபது நொடி பொறுத்து எஸ் தட்டி என்டர் தட்டுங்கள். எஸ் என்றால் ஸ்பீச். அப்புறம் மறுபடி கொஞ்சம் மௌனம், பென் டிரைவிலிருந்து படித்துக்கொண்டிருக்கும். பழைய பென் டிரைவ் என்றால் இது நீளும். பதறி பவரை அணைத்துவிடாதீர்கள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் கழித்து அந்தத் தகரக் குரல் ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும். சவுண்ட் கார்டு ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றிலும் மாற்றி மாற்றிப் பேசிப் பார்க்கும். உங்கள் காதில் விழுகிற கார்டின் முறை வரும்போது என்டர் தட்டினால் அதையே பிடித்துக்கொள்ளும்.

இங்கிருந்து நீங்கள்தான் ராஜா. மொழியில் ஆங்கிலத்தையே விடுங்கள், தமிழை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நாட்டுப் பட்டியலில் இந்தியா இருக்கும், கீபோர்டு அமெரிக்கன் இங்கிலீஷ். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் "பிராம்ப்ட், கொஸ்டியன் மார்க் ஃபார் ஹெல்ப், டிஃபால்ட் ஈக்வல்ஸ்" என்று ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் சரி என்றால் வெறும் என்டர். வேறு வேண்டுமானால் அந்த எண்ணைத் தட்டி என்டர். சிறியது என்ற கணிதக் குறியைத் தட்டினால் முந்தைய கேள்விக்குப் போகலாம்.

வேகமாகப் பேசிவிட்டுப் போய்விட்டது, காதில் விழவில்லை என்றால் கேப்ஸ் லாக்கை அழுத்திக்கொண்டு ஐ தட்டுங்கள், அந்த வரியை மறுபடி வாசிக்கும். யூ முந்தைய வரி, ஓ அடுத்த வரி. ஜே, கே, எல் ஒவ்வொரு சொல்லாக. நம்பர் பேட் இருக்கிற கீபோர்டு என்றால் 7, 8, 9 வரிக்கு, 4, 5, 6 சொல்லுக்கு. நிறுவும் முன்பே இந்த ஆறு கீயையும் விரலுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், பின்னால் வருகிற பார்ட்டிஷனில் இதுதான் காப்பாற்றும்.

ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குப் பாஸ்வேர்ட் கேட்கும்போது ஒன்றும் தட்டாமல் என்டர் கொடுங்கள், திரும்பவும் ஒரு என்டர். அப்படி விட்டால் உங்கள் சொந்தப் பயனருக்கே சூடோ என்ற நிர்வாக உரிமை கிடைத்துவிடும், இரண்டு பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பார்ட்டிஷன் பகுதியில் அவசரமே கூடாது. டிஸ்க் பட்டியலை வாசிக்கும்போது உங்கள் லேப்டாப் டிஸ்கும் வரும், இன்ஸ்டாலர் இருக்கிற பென் டிரைவும் வரலாம். பெயரெல்லாம் எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஒரே மாதிரி ஒலிக்கும். ஈஸ்பீக் வாயில் பி-யும் டி-யும் ஒன்றுதான். பெயரை நம்பாதீர்கள், அளவைக் கேளுங்கள். 500 ஜிபி என்பது டிஸ்க். 15, 16 ஜிபி என்பது பென் டிரைவ். விண்டோஸை வைத்துக்கொள்பவர்கள் தொடர்ச்சியான பெரிய காலி இடத்தைப் பயன்படுத்து என்கிற வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழு டிஸ்கையும் எடுத்துக்கொள் என்ற வரியும் அதே பட்டியலில்தான் இருக்கும். அதைத் தட்டினால் விண்டோஸ் போச்சு. எல்லாம் முடிந்ததும் செய்யப் போகிற மாற்றங்களை வரிசையாகப் படித்துவிட்டு, "ரைட் த சேஞ்சஸ் டு டிஸ்க்ஸ்?" என்று கேட்கும். இங்கே டிஃபால்ட் "நோ". அதுவரை டிஸ்கில் ஓர் எழுத்துகூட எழுதப்படவில்லை என்பதை நினைவில் வையுங்கள். கேப்ஸ் லாக் யூ, ஐ, ஓ கொண்டு பின்னால் போய் ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். எந்த டிஸ்க், எந்தப் பார்ட்டிஷன் ஃபார்மேட் ஆகப்போகிறது என்று அங்கே இருக்கும். சந்தேகம் வந்தால் வெறும் என்டர், நோ ஆகிவிடும். திருப்தி என்றால் மட்டும் "யெஸ்" இருக்கிற எண்.

அதற்குப் பிறகு டீ குடிக்கப் போகலாம். நடுவில் மிரர் (மென்பொருளை இறக்கும் சர்வர்) எது என்று கேட்டால் டெப் டாட் டெபியன் டாட் ஆர்க். கொஞ்சம் கழித்து எந்த டெஸ்க்டாப் என்று ஒரு பட்டியல் வரும். பழைய லேப்டாப், பார்வை முழுக்க இல்லை என்றால் மாட்டே எடுங்கள். மெனு, டெஸ்க்டாப், விண்டோ எல்லாம் பழைய விண்டோஸ் மாதிரி வரிசையாக இருக்கும், ஓர்காவோடு அதற்கு நல்ல பழக்கம். ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்க எண்களை இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும். கொஞ்சம் பார்வை மிச்சமிருந்து, வேலூர் ஷெல் கண் மருத்துவமனையில் லோ விஷன் பிரிவுக்குப் போய் வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு க்னோம் பொருத்தம். ஆல்ட், விண்டோஸ், 8 சேர்த்து அழுத்தினால் திரை பெரிதாகும். மெஷினில் ரேம் 4 ஜிபியாவது இருக்க வேண்டும்.

முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு என்டர் கொடுக்கச் சொல்லும். மெஷின் மறுபடி கிளம்பும்போது இன்னொரு மௌனம்: எந்த சிஸ்டத்துக்குள் போக என்று கேட்கும் க்ரப் மெனு. இதுவும் பேசாது, ஆனால் பயப்பட வேண்டாம், சில நொடியில் தானாகவே டெபியனுக்குள் போய்விடும். விண்டோஸ் வேண்டுமென்றால் கீழ் அம்புக்குறியை எத்தனை தட்டு என்று ஒருமுறை போனை வைத்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடைசி வரியைப் பிடிக்க எண்ட் கீயும் உதவும்.

லாகின் திரையில் குரல் வரும், பெயர், பாஸ்வேர்ட், உள்ளே போய்விடலாம். ஓர்கா எங்காவது மூர்ச்சையானால் ஆல்ட் எஃப்2 தட்டி, ஓர்கா என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர். அதுவும் கேட்கவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3; எழுத்துத் திரை வந்து ஸ்பீக்அப் பேசும். சில மெஷினில் இந்த இரண்டு குரலும் ஒரே சவுண்ட் கார்டுக்கு மல்லுக்கட்டும். எழுத்துத் திரையில் பேச்சு இருக்கிறது, டெஸ்க்டாப்பில் இல்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். எழுத்துத் திரைக் குரலை நடத்துகிற ஈஸ்பீக்அப் சேவையை நிறுத்திப் பாருங்கள். ஓர்காவின் கீ, இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக். அதோடு ஸ்பேஸ் தட்டினால் அமைப்புகள், எச் தட்டினால் கற்றுக்கொள்ளும் முறை. ஃபயர்ஃபாக்ஸில் தலைப்புக்கு எச், இணைப்புக்கு கே என்று என்விடிஏவில் பழகிய விரல் அப்படியே ஓடும்.

தமிழ் பற்றிக் கேட்டீர்கள். ஈஸ்பீக்கில் தமிழ்க் குரல் இருக்கிறது, தமிழ் எழுத்தை வாசிக்கும். இனிமையாக இருக்குமா என்று கேட்டால், இருக்காது. வேகத்தைக் கூட்டிக்கொண்டு பழகினால் தேர்வுக்குப் படிக்கிற அளவுக்கு ஓடும். ஓர்காவில் தமிழுக்கு ஒரு ப்ரொஃபைல், ஆங்கிலத்துக்கு ஒன்று வைத்து, மாற்றுவதற்கு ஒரு கீ ஒதுக்கிக்கொள்ளுங்கள். தமிழ் டைப் செய்ய ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளைப் போட்டு தமிழ்99 எடுத்தால் போதும். அச்சிட்ட நோட்ஸ் படிக்க டெசராக்ட் என்ற ஓசிஆருக்குத் தமிழ் தெரியும். ஜெராக்ஸ் தெளிவாக இருந்தால் நன்றாகவே படிக்கும், நான்காவது கை ஜெராக்ஸ் என்றால் உளறும்.

டேலி விண்டோஸுக்கானது. லினக்ஸில் அதை ஓட்டச் சுற்று வழிகள் சொல்வார்கள், ஸ்கிரீன் ரீடரோடு அதில் இறங்க வேண்டாம். விண்டோஸை வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, நாளைக்கு வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ வேலைக்குப் போனால் உங்கள் மேஜையில் பெரும்பாலும் விண்டோஸ்தான் இருக்கும். என்விடிஏ கை மறக்கக் கூடாது. படிப்பு, இணையம், எழுத்து, மின்னஞ்சல் லினக்ஸில். டேலியைத் திறக்க மட்டும் விண்டோஸ், அதுவும் நெட்டைத் துண்டித்துவிட்டு. ஆதரவு நின்றுபோன விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். அந்த லேப்டாப்புக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறு இல்லை, ஓர்கா பேசத் தாமதிப்பதும் குறையும். கடையில் எஸ்எஸ்டியை மாட்ட மட்டும் சொல்லுங்கள். "ஓஎஸ் நாங்களே போட்டுத் தர்றோம்" என்பார்கள், வேண்டாம் என்றுவிடுங்கள். பழைய டிஸ்கைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் விண்டோஸும் ஃபைல்களும் அதில்தான் இருக்கின்றன.

ஆரம்பிக்கும் முன் விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து மாடல் பெயர், பயாஸ் மோடு யூஇஎஃப்ஐயா லெகசியா, ரேம் எவ்வளவு என்ற மூன்றையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்தக் கீ, நோவோ ஓட்டை இருக்கிறதா, நெட் இன்ஸ்டால் சரிவருமா என்று பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் நானும் போனில் இருப்பேன்.